ஓடு பேசும், கேட்க ஆள் வேண்டும்!

“பொண்ணு எம்.ஏ. படிக்கணுங்கிறா, அண்ணே! அதுவும் சரித்திரமாம். செத்துப்போன ராஜா கதையைப் படிச்சி என்னா பண்ணப் போறா?”

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்கு வெளியே, தேநீர்க்கடை விசுப்பலகையில், நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழர் கேட்ட கேள்வி இது. முழங்கை வரை வெள்ளைக் களிமண். அச்சில் குழம்பு ஊற்றிவிட்டு, அது இறுகும் இடைவேளையில் வந்தவர். மூத்த பையன் இதே ஊரில் பீங்கான் தொழில்நுட்பப் பட்டயம் படித்தவன். அவனைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. மண்ணைத் தொட்டவன், மண்ணைப் படித்தான், மண்ணிலேயே பிழைப்பான் என்கிறார். பெண்ணைப் பற்றித்தான் கலக்கம். பி.ஏ. வரலாறு தேறிவிட்டாள். மேலே போக வேண்டும் என்கிறாள். எங்கே போவது, எதைப் படிப்பது, யார் சேர்ப்பார்கள், செலவு என்ன, வேலை கிடைக்குமா? கேட்கத் தெரிந்தவருக்குச் சொல்ல ஆளில்லை. சொல்லத் தெரிந்தவர்களோ இந்த விசுப்பலகைப் பக்கம் வருவதில்லை.

நாம் பள்ளி இறுதி வகுப்போடு நின்றுவிட்டவர்கள், தோழர்களே! பல்கலைக் கழகத்தை மேடை போட்ட மைதானமாகத்தான் அறிவோம், வகுப்பறையாக அறியோம். ஆனாலும் கேட்டவர் நம் தோழர். தெரியாது என்று கை விரித்துவிட்டு வர மனம் ஒப்பவில்லை. விசாரித்தோம், விதிகளைப் படித்தோம், படித்தவர்களிடம் கேட்டோம். அந்தத் தோழருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறோம். அவரைப் போல ஆயிரம் வீட்டில் இந்தக் கேள்வி இருக்கிறது அல்லவா!

முதலில் “செத்துப்போன ராஜா கதை” என்றாரே, அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

விருத்தாசலத்தில் நின்றுகொண்டு அப்படிச் சொல்லலாமா? திருமுதுகுன்றம் என்று பழைய பெயர் தாங்கிய ஊர் இது. மணிமுத்தாற்றங்கரைக் கோயிலின் சுவரைப் பார்த்தால் எழுத்தாகவே இருக்கும். செம்பியன் மாதேவி என்ற சோழ அரசி கற்றளியாக எடுப்பித்த கோயில்களில் இதுவும் ஒன்று. காடவராயர்களின் கல்வெட்டுகள் இங்கே உண்டு. அந்தக் காடவர் குலத்துக் கோப்பெருஞ்சிங்கன் 13-ஆம் நூற்றாண்டில் சோழப் பேரரசன் மூன்றாம் இராசராசனையே பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். சேந்தமங்கலம் என்ன சீமையிலா இருக்கிறது? உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம்! நாம் பொதுக்கூட்டத்துக்குப் போய் வருகிற தூரம். பேரரசு ஆட்டங்கண்டது நம் வீட்டு வாசலில், நமக்குத் தெரியவில்லை. கல் சொல்லுகிறது, கேட்கப் படித்தவர் இல்லை.

இராசாவை விடுங்கள். சூளைத் தொழிலாளியின் கதைக்கு வருவோம்.

நீங்கள் உடைந்த பீங்கானை என்ன செய்கிறீர்கள்? குப்பையில் கொட்டுகிறீர்கள். வரலாற்று ஆசிரியன் அந்தக் குப்பையிலிருந்துதான் தன் வேலையைத் தொடங்குகிறான். புதுவைக்குத் தெற்கே அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் என்ற வெள்ளைக்காரர், இந்தியத் தொல்லியல் துறைக்கு அப்போது தலைவர், அங்கே அகழ்ந்தார். கிடைத்தது பொன்னா? மணிமுடியா? உடைந்த ஓடுகள்! இத்தாலி நாட்டு அரெசோ நகரில் வனைந்த செந்நிறக் கலத்தின் ஓடுகள் அவற்றில் இருந்தன. அந்தக் கலம் எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்த செய்தி. அதே மண்ணடுக்கில் நம் நாட்டுக் குயவன் வனைந்த பானை ஓடும் கிடந்தது. அப்படியானால் நம் குயவனின் காலமும் அதுவே! தென்னாட்டுத் தொல்பொருளுக்கு ஆண்டு சொல்லும் கடிகாரம் கிடைத்தது. அந்தக் கடிகாரத்தைச் செய்தவன் அரசனல்லன், மண் பிசைந்தவன்.

இன்னொன்று. கீழடியிலும் கொடுமணலிலும் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளைக் காட்டினால் நம் தோழர்கள் உடனே கேட்பார்கள்: “உள்ளே கறுப்பு, வெளியே கீழ்ப்பக்கம் சிவப்பு, கவுத்து வச்சிச் சுட்டிருக்கான், காத்து உள்ள போகலை.” சரியாக அதைத்தான் ஆராய்ச்சியாளர்களும் சொல்கிறார்கள். பானையைத் தலைகீழாக வைத்துச் சுட்டதால் காற்றுப்படாத பகுதி கறுத்தது என்கிறார்கள். அவர்கள் நூல்களைப் புரட்டிச் சொன்னதை இவர் சூளையைப் பார்த்துச் சொல்லிவிட்டார்! அந்த ஓட்டின் மேல் கீறியிருக்கிறதே தமிழி எழுத்து, ‘ஆதன்’ என்றும் ‘குவிரன்’ என்றும் பெயர்கள், அதைப் படிக்கத்தான் பயிற்சி வேண்டும். சூளைத் தொழிலாளியின் மகள் அந்தப் பயிற்சியையும் பெற்றுவிட்டால்? பானை சுட்ட விதம் அப்பன் சொன்னது, எழுத்தின் வகை பல்கலைக் கழகம் சொன்னது. இரண்டும் ஒரு தலையில் சேர்ந்தால் அந்தத் தலையை யாரால் ஏய்க்க முடியும்?

இதைச் சொன்னதும் தோழர் தேநீரைக் கீழே வைத்துவிட்டார். “சரி, வழி சொல்லுங்க” என்றார்.

வழி பல. முதல் வழி மிக அருகில் இருக்கிறது. விருத்தாசலத்தில் பேருந்து ஏறினால், சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம். அங்கே 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக் கழகம். 2013-இல் அரசே நேரடியாக நிர்வாகப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. வரலாற்றுத் துறை உண்டு. பி.ஏ. முடித்தவருக்கு எம்.ஏ. இரண்டு ஆண்டு, நான்கு பருவத் தேர்வு. சில பல்கலைக் கழகங்களில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சேர்ந்து ஒரே மூச்சாக ஐந்து ஆண்டில் எம்.ஏ. பெறும் ஒருங்கிணைந்த படிப்பும் நடத்துகிறார்கள். அது இனிமேல் பிளஸ் டூ எழுதப் போகிற பிள்ளைகளுக்கு.

என்ன படிக்க வேண்டும்? பண்டைய, இடைக்கால, தற்கால இந்திய வரலாறு, தமிழ்நாட்டு வரலாறு, ஐரோப்பா, அமெரிக்கா, சீனம், ஜப்பான் என்று பிற நாட்டு வரலாறுகளில் சில, தொல்லியல், கல்வெட்டியல், வரலாற்றை எப்படி எழுதுவது என்று சொல்லும் வரைவியல், கடைசியில் ஓர் ஆய்வேடு. அந்த ஆய்வேட்டைத்தான் நாம் முக்கியம் என்கிறோம். மாணவன் தானே ஒரு பொருளை எடுத்து, தானே தேடி, தானே எழுத வேண்டும். விருத்தாசலம் பீங்கான் தொழிலைப் பற்றி எழுதட்டுமே! நெய்வேலியில் நிலக்கரி தோண்டும்போது மேலே எழுந்த வெள்ளைக் களிமண் என்ன ஆயிற்று, ஃபியூஸ் கேரியர் செய்த கை ஏன் பொம்மை செய்யப் போயிற்று, கூலி எப்படி ஏறிற்று, எப்படி இறங்கிற்று? இதெல்லாம் வரலாறு இல்லையா? இதை எழுத ஆக்ஸ்போர்டிலிருந்தா ஆள் வரும்?

அண்ணாமலையோடு வழி முடியவில்லை. சென்னைப் பல்கலைக் கழகத்தில் இந்திய வரலாற்றுக்கு ஒரு துறை, பண்டைய வரலாறு - தொல்லியலுக்கு ஒரு துறை என இரண்டு. திருச்சி பாரதிதாசன், மதுரை காமராசர், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக் கழகங்களிலும் வரலாற்றுத் துறைகள் உள்ளன. மண்ணையும் கல்லையும்தான் படிப்பேன் என்றால் 1981-இல் தோன்றிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகம். கல்வெட்டியலும் தொல்லியலும் அங்கே தனித்துறை, கடல்சார் வரலாற்றுக்குக்கூடத் தனித்துறை. வடக்கே டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக் கழகத்தில் பண்டைக்காலமா, இடைக்காலமா, தற்காலமா என்று பிரிவைத் தேர்ந்து ஆழமாகப் படிக்கலாம்.

தகுதி? ஒரு பட்டம். சில இடங்களில் வரலாற்றிலேயே பட்டம் கேட்கிறார்கள். சில இடங்களில் எந்தப் பட்டமானாலும் சரி என்கிறார்கள். ஆகவே பி.காம். படித்துவிட்டோமே, பி.எஸ்சி. படித்துவிட்டோமே என்று தயங்குகிற தம்பிகள், விளம்பரத்தைப் படிக்காமலே பின்வாங்க வேண்டாம். ஆனால் ஒன்றில் கண்ணாயிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, மூன்றாண்டுப் பட்டம், பிறகு முதுகலை: இந்த வரிசை குலையக் கூடாது. நமக்குத் தெரிந்த தோழர் ஒருவர் பன்னிரண்டாம் வகுப்பு எழுதாமலே திறந்தவெளி வழியில் பட்டம் வாங்கினார், அதன் மேல் எம்.ஏ.வும் வாங்கினார். இரவெல்லாம் கண் விழித்துப் படித்தவர். சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் இரண்டு நிமிடத்தில் “செல்லாது” என்று திருப்பி அனுப்பினார்கள். பணம் கட்டும்போது அவரிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. அஞ்சல் வழியில், தொலைநிலையில் படிக்க நினைக்கிற தொழிலாளத் தோழர்களுக்கும் இதே எச்சரிக்கை: அந்த நிறுவனத்தின் அந்தப் படிப்புக்கு, அந்த ஆண்டுக்கு, பல்கலைக் கழக மானியக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பலகையைப் பார்த்துக் கட்டாதீர்கள்.

இப்போது நெஞ்சு கொதிக்கிற இடத்துக்கு வருகிறோம்.

புதுச்சேரிப் பல்கலைக் கழகம் இருக்கிறதே, விருத்தாசலத்துக்கு எட்டாத இடமா? அங்கேயும் எம்.ஏ. வரலாறு உண்டு. ஆனால் அது மத்தியப் பல்கலைக் கழகம். உள்ளே நுழைய ‘கியூட்’ என்ற பொது நுழைவுத் தேர்வு. 2022 முதல் முதுகலைக்கும் அந்த வாசல்தான். அந்த வாசலில் எழுதியிருக்கும் மொழி எது? வரலாற்றுத் தாள் ஆங்கிலத்தில் வரும், இந்தியில் வரும். தமிழில்? வராது! முதல் வகுப்பிலிருந்து பி.ஏ. வரை தமிழில் படித்த விருத்தாசலத்துப் பெண், சோழனைப் பற்றிய கேள்விக்கு, தன் தாய்மொழிக் கல்வெட்டைப் பற்றிய கேள்விக்கு, ஆங்கிலத்திலோ இந்தியிலோ படித்துத்தான் விடை எழுத வேண்டும். இந்தி பேசும் பையனுக்கு அவன் தாய்மொழி உண்டு. நம் பெண்ணுக்கு இல்லை. ஓட்டப் பந்தயத்தில் ஒருவன் காலில் செருப்பு, மற்றவர் காலில் விலங்கு. முந்தி வந்தவனைத் ‘தகுதி’ என்கிறார்கள்!

எம்.ஏ. முடித்த பிறகும் அதே கதை. கல்லூரி ஆசிரியராக எம்.ஏ.வில் 55 விழுக்காடும் ‘நெட்’ அல்லது மாநிலத்தின் ‘செட்’ தேர்ச்சியும் வேண்டும். முனைவர் பட்டமும் வழியாகும். அந்த ‘நெட்’ தேர்வின் வரலாற்றுத் தாளும் ஆங்கிலம், இந்தி இரண்டில்தான். அதில் இளநிலை ஆய்வு உதவி பெறும் தரத்தில் தேறினால், முனைவர் ஆய்வுக்குச் சேரும்போது மாதம் 37,000 ரூபாய். 2023 முதல் இந்தத் தொகை. சூளையடியில் நிற்பவருக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

2020-ஆம் ஆண்டு நடந்ததை நினைவிருக்கிறதா? மத்தியத் தொல்லியல் துறை தன் முதுநிலைப் பட்டயப் படிப்புக்கு விளம்பரம் கொடுத்தது. வரலாற்றில் எம்.ஏ. படித்தவர் விண்ணப்பிக்கலாம், செம்மொழிகளில் எம்.ஏ. படித்தவரும் விண்ணப்பிக்கலாம் என்றது. எந்தச் செம்மொழிகள்? சமஸ்கிருதம், பாலி, பிராகிருதம், அரபி, பாரசீகம். தமிழ் எங்கே? காணோம்! 2004-இலேயே மத்திய அரசு தன் வாயால் செம்மொழி என்று அறிவித்த தமிழ், கல்லிலும் செம்பிலும் பானையிலும் எழுதி வைத்த தமிழ், தொல்லியல் படிக்கத் தகுதியில்லாத மொழியாம்! தமிழ்நாடு கொதித்தது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பாராமல் எல்லாரும் கண்டித்தார்கள். சில நாளில், அக்டோபர் மாதத்திலேயே, பட்டியல் திருத்தப்பட்டது. தமிழ் நுழைந்தது, தமிழோடு தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒடியாவும் நுழைந்தன. நாம் கத்தியதால் அண்டை வீட்டுக்கும் கதவு திறந்தது என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். தகுதி என்பது வானத்திலிருந்து இறங்கியதல்ல. ஓர் அலுவலக மேசையில் ஒருவர் எழுதுகிற ஒரு வரி. எழுதிய கையால் திருத்தவும் முடியும், தட்டிக் கேட்டால்.

அதற்கு அடுத்த ஆண்டு, 2021-இல், மைசூரில் கிடக்கும் தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. 2025-இல் கீழடியை அகழ்ந்த அமர்நாத் இராமகிருஷ்ணன் கொடுத்த அறிக்கையைத் திருத்திக் கொண்டுவா என்று மத்தியத் துறை திருப்பி அனுப்பியது. இதற்கெல்லாம் மேடையில் முழங்குகிறோம். முழங்கட்டும்! ஆனால் மைப்படி சென்னைக்கு வந்தால் அதைப் படிக்க ஆள் யார்? அறிக்கை சரி என்று அகழ்ந்த குழியின் ஆழத்தைக் காட்டி வாதாட ஆள் யார்? ஒலிபெருக்கி முன்னால் நாம் நிற்கலாம். ஆய்வு அரங்கில் நம்மை யார் நிற்க விடுவார்கள்? அங்கே எம்.ஏ. கேட்பார்கள்.

பட்டமில்லாமலும் வரலாறு எழுதியவர்கள் உண்டு, மறுக்கவில்லை. தி.வை. சதாசிவ பண்டாரத்தார் பல்கலைக் கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கியவரல்லர். கும்பகோணத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் தமிழாசிரியர். ஓய்ந்த நேரத்திலெல்லாம் ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டுப் படித்தார். அவரை அண்ணாமலைப் பல்கலைக் கழகம் அழைத்து ஆராய்ச்சிப் பணியில் அமர்த்திக்கொண்டது. நீலகண்ட சாஸ்திரியார் சோழர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். பண்டாரத்தார் தமிழிலேயே எழுதினார். பள்ளி இறுதியோடு நின்ற நமக்கெல்லாம் அவர் பெயரைச் சொல்லும்போது நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அந்தக் காலம் போயிற்று. இன்று பண்டாரத்தாரே வந்தாலும் வாசலில் நிறுத்தி, ‘நெட்’ உண்டா என்று கேட்பார்கள்! ஜப்பானிலிருந்து நொபொரு கராஷிமா வந்து, சோழர் காலக் கல்வெட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி, யார் நிலம் யாரிடம் போயிற்று என்று கணக்கெடுத்தார். ஜப்பானியருக்கு எட்டியது விருத்தாசலத்தாருக்கு எட்டாதா?

“வேலை?” என்றார் தோழர். வயிற்றுக் கேள்வி, நியாயமான கேள்வி.

மழுப்பாமல் சொன்னோம். எம்.ஏ. தனியாக நின்றால் சோறு போடாது. அதோடு பி.எட். சேர்ந்தால் மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். ‘நெட்’ அல்லது ‘செட்’ சேர்ந்தால் கல்லூரி. ஆனால் நிரந்தர இடம் நிரப்பும் வரை கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கௌரவம் பெயரில் இருக்கிறது, ஊதியத்தில் இல்லை. இதை நம் ஆட்சி, அவர் ஆட்சி என்று பாராமல் சொல்லத்தான் வேண்டும். தொல்லியல் வழி ஒன்று உண்டு. 1961-இல் தொடங்கிய தமிழ்நாடு தொல்லியல் துறை, முதுகலை முடித்தவர்களுக்குத் தானே கல்வெட்டு - தொல்லியல் பட்டயப் படிப்பு நடத்துகிறது. படிக்கும்போது மாத உதவித்தொகையும் தருகிறது. அரசுப் பணித் தேர்வுகளுக்கு எந்தப் பட்டமும் போதும் என்றாலும், வரலாறு படித்தவருக்குப் பாதிப் பாடம் முன்கூட்டியே முடிந்தது போல.

தமிழ்வழியில் படித்தவருக்கு ஒரு தனி ஆயுதம் இருக்கிறது. 2010-இல், கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது, தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் வந்தது. 2020-இல் திருத்தினார்கள்: பட்டம் மட்டும் தமிழ்வழி என்றால் போதாது, முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியாக இருக்க வேண்டும். ஆகவே எம்.ஏ. தகுதியாகக் கேட்கும் வேலைக்கு எம்.ஏ.வும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சேரும்போதே பயிற்றுமொழி எது, சான்றிதழில் அதை எழுதித் தருவார்களா என்று கேட்டுவிட வேண்டும். பதினைந்து ஆண்டுத் தமிழ்ப் படிப்பைக் கடைசி இரண்டு ஆண்டில் தொலைத்துவிட்டுப் பிறகு அழுது பயனில்லை.

பணம்? அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. ஆனால் அது முதல் பட்டத்துக்கானது. எம்.ஏ.வுக்கு அதை நம்பக் கூடாது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்கு மெட்ரிக் படிப்புக்குப் பிந்திய உதவித்தொகை முதுகலைக்கும் உண்டு. பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் வருமான வரம்புக்குட்பட்டு உதவித்தொகை உண்டு. இடம் கிடைப்பதில் நம் மாநிலப் பல்கலைக் கழகங்களில் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு: பிற்படுத்தப்பட்டோர் 30, மிகப் பிற்படுத்தப்பட்டோர் 20, ஆதிதிராவிடர் 18, பழங்குடியினர் 1. மத்தியப் பல்கலைக் கழகம் என்றால் கணக்கு வேறு, காகிதமும் வேறு. இங்கே செல்லுகிற சாதிச் சான்றிதழை அங்கே நீட்டினால் ஏற்கமாட்டார்கள். மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். கடைசி நாளில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓடுகிற கூட்டத்தில் பாதி, இது தெரியாமல் ஓடுகிற கூட்டம்.

தோழர் சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டின் காகிதத்தை எடுத்து, அதன் பின்புறத்தில் எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தோம்: பத்து, பன்னிரண்டு மதிப்பெண் சான்று, பி.ஏ. பருவத் தேர்வு மதிப்பெண்கள் எல்லாம், தற்காலிகப் பட்டச் சான்று, மாற்றுச் சான்று, சாதிச் சான்று இரண்டு வகையும், வருமானச் சான்று, தமிழ்வழிச் சான்று. வேறு பல்கலைக் கழகம் போவதானால் இடப்பெயர்வுச் சான்று.

படித்துப் பார்த்தார். ஏழெட்டு இருக்கே என்றார். பிறகு விரலை மடக்கி எண்ணினார்; நாம் உதவித்தொகையைக் கணக்குப் போடுகிறார் என்று நினைத்தோம். அவர் எண்ணியது வேறு.

“திங்கக்கெழம சூளை பிரிக்கிற நாளு. நான் இல்லாம முடியாது. செவ்வாக்கெழம காலையில சிதம்பரம் வண்டி எத்தனை மணிக்கு, அண்ணே?”

முதல் வண்டிக்கே போகச் சொன்னோம். அலுவலகம் திறக்கும்போது வரிசையில் முன்னால் நிற்கலாம். பெண்ணையும் அழைத்துப் போகச் சொன்னோம். கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்தானே.